சோலோவைக் காதால் எடுப்பது எப்படி: கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் நாங்கள் கிட்டார் பழகிய காலத்தில் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தால் முதலில் கேட்பது "அந்த சோலோவ எடுத்துட்டியால?" என்றுதான். சோலோ என்றால் பாட்டின் நடுவில் கிட்டார் முன்னால் வந்து தனியாகப் பேசுகிற பகுதி. எடுப்பது என்றால் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கேட்டுக் கேட்டு, கையில் கொண்டுவருவது. பிறகு இண்டர்நெட் வந்தது. டேப் என்று நாம் சொல்கிற ஃப்ரெட் எண் (கிட்டார் கழுத்தில் விரல் வைக்கிற கட்டத்தின் எண்) தாள் எல்லாப் பாட்டுக்கும் கிடைத்தது. நானும் காதை மூடிவைத்துவிட்டு அந்தத் தாளுக்கு மாறினேன். இரண்டு வருஷத்தில் முப்பது சோலோ கையில் இருந்தது, ஆனால் சொந்தமாக நாலு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) வாசிக்கச் சொன்னால் வராது.

வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்து முடித்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். காலையில் முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் வாசித்த பெரியவர் சாப்பிட்டுவிட்டு மேடைப் பக்கம் வந்தார். "தம்பி, நடுவுல ஒண்ணு வந்துச்சே, அத ஒருக்கா வாயால பாடும் பாப்போம்" என்றார். வாசித்து ஐந்து நிமிஷம்கூட ஆகாத சோலோ. முதல் வரிக்கு மேல் எனக்குப் பாட வரவில்லை. அவர் கோபப்படவில்லை, "வாயில வராதது கையில எப்படி நிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். மறுநாளே அந்தத் தாள்களை எல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டேன். அதற்குப் பிறகு நான் சோலோ எடுக்கிற முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இதில் புதுமை எதுவும் இல்லை, பெரியவர்கள் எல்லாரும் வந்த வழிதான். ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மாண்ட்கோமரிக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. இருபது வயதை ஒட்டித்தான் கிட்டாரைத் தீவிரமாக எடுத்தார், சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை ரெக்கார்டில் கேட்டு ஒரு சுரம் விடாமல் கற்றார், அந்த சோலோக்களை வாசிப்பதற்காகவே அவருக்குக் கிளப்பில் வேலை கிடைத்தது. ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் இளவயதில் எரிக் கிளாப்டனின் சோலோக்களைக் காதால் எடுத்தவர். இரண்டு பேருமே கடைசியில் தங்கள் குருமார்களைப் போல வாசிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அடுத்தவரை எடுத்தால் நம் சொந்தக் குரல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும்.

எந்த சோலோ?

முதல் சோலோவைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். இருப்பதிலேயே வேகமானதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நாலாவது நாள் கிட்டாரை உறைக்குள் வைத்துவிடுவார்கள். மெதுவானது, சுரங்கள் குறைவானது, இடைவெளி விட்டு வாசித்தது, பன்னிரண்டு பாருக்கு மேல் போகாதது, இதுதான் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அது உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு பாரை இருநூறு முறையாவது கேட்கப்போகிறீர்கள்.

நான் யாருக்கும் முதலில் சொல்வது ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங். அவர் 1969-ல் பதிவு செய்த "தி த்ரில் இஸ் கான்" பி மைனரில் இருக்கிற பன்னிரண்டு பார் ப்ளூஸ், நிதானமான வேகம். பாடகர் ஒரு வரி பாடி மூச்சு வாங்குவதுபோல கிட்டாரும் ஒரு வரி சொல்லி நிற்கும், அந்த நிற்கிற இடத்தில் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். கீழே வருகிற உதாரணங்களுக்கு இதே பி மைனரை வைத்துக்கொள்கிறேன்.

கிட்டாரைத் தொடாமல் ஒரு வாரம்

ஆமாம், ஒரு வாரம். எடுக்கப்போகிற பன்னிரண்டு பாரை மட்டும் தனியாக வெட்டி போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஜங்ஷனிலிருந்து பாளைக்கு வருகிற பஸ் சுலோச்சன முதலியார் பாலத்தில் மாலை நேரத்தில் நகராமல் நிற்குமே, அந்த நேரம் போதும், பத்து முறை கேட்டுவிடலாம். முதல் இரண்டு நாள் வெறுமனே கேளுங்கள். அப்புறம் கூடவே முனங்குங்கள். கடைசி இரண்டு நாள் பாட்டை நிறுத்திவிட்டு, நினைவிலிருந்து முழுதாகப் பாடிப் பாருங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஏறுகிற இடத்தில் ஏறி, நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும்.

பாட முடியாத இடம் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். அங்கே உங்கள் காது சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம், கையால் தேடினாலும் கிடைக்காது. அந்த இடத்தை மட்டும் வேகம் குறைத்துக் கேட்டுப் பாடுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஒரு வாரம் பாடியவருக்கு மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது, இதை நான் எத்தனையோ பையன்களிடம் பார்த்திருக்கிறேன்.

கருவிகள்

செலவு ஒன்றும் இல்லை. ஆடாசிட்டி இலவச மென்பொருள், அதில் டெம்போவை மட்டும் மாற்றினால் சுருதி மாறாமல் வேகம் குறையும். யூடியூபிலேயே வேகத்தை 0.75, 0.5 என்று குறைக்கலாம். ஒரு துண்டைத் தேர்ந்து சுற்றிச் சுற்றி ஓடவிடுகிற வசதி முக்கியம், இரண்டு விநாடித் துண்டை இருபது முறை கேட்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. பாதி வேகத்துக்குக் கீழே போகாதீர்கள், ஒலி குழைந்து ஒரு சுரம் இரண்டாகக் கேட்கும்.

பழைய ரெக்கார்டுக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. 33 சுற்றுத் தட்டைப் பதினாறில் ஓடவிட்டால் வேகம் பாதியாகும், சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். எங்கள் கேசட் காலத்திலோ ஒவ்வொரு டேப் ரெக்கார்டரும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும், பாட்டுக்கு ஏற்றபடி கிட்டாரை ட்யூன் செய்வதே முதல் வேலையாக இருக்கும்.

பாட்டிலிருந்து கிட்டாரை மட்டும் பிரித்துத் தருகிற ஆப்கள் இப்போது இருக்கின்றன. எடுத்து முடித்த பிறகு சரிபார்க்க அவை நல்லவை. எடுக்கும்போது வேண்டாம் என்பேன், பிரிக்கும்போது ஓரங்கள் அரிபட்டு, இல்லாத சுரம் கேட்கும், இருக்கிற சுரம் காணாமல் போகும். பழைய ஸ்டீரியோ பதிவுகளில் கிட்டார் ஒரே பக்கமாக ஒதுங்கி இருக்கும், ஒரு பக்க ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ச எங்கே?

இப்போது கிட்டாரை எடுங்கள். ட்யூனர் வைத்து ட்யூன் செய்யுங்கள். பாட்டு முடிகிற இடத்தில் மனசு எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறதோ அதை முனங்கிக்கொண்டே ஆறாம் கம்பியில் (இருப்பதிலேயே தடித்தது) ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தேடுங்கள். அதுதான் ச. நம் உதாரணத்தில் ஆறாம் கம்பி ஏழாம் ஃப்ரெட், பி.

தேடிய சுரம் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழுந்தால் பதிவு கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கிறது, நீங்கள்தான் அதற்கு இறங்கிப் போக வேண்டும். ச, இ ஃப்ளாட்டில் விழுந்து, திறந்த கம்பிகள் கணீரென்று கேட்டால் கிட்டாரையே அரைச்சுரம் இறக்கி ட்யூன் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஸ்டீவி ரே வான் அப்படித்தான் வாசித்தார். இது தெரியாமல் நேர் ட்யூனிங்கில் வைத்துக்கொண்டு விரலை முறுக்கி இரண்டு வாரத்தை வீணாக்கியவர்கள் உண்டு.

பிறகு நோட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டங்களை) முதலில் எழுதிவிடுங்கள். பாஸ் கிட்டாரைக் கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பி மைனர் நாலு பார், இ மைனர் இரண்டு, திரும்ப பி மைனர் இரண்டு, ஒன்பதாவது பாரில் ஜி மேஜர் செவன், பத்தில் எஃப் ஷார்ப் செவன், பிறகு பி மைனருக்குத் திரும்பும். இந்தக் கட்டங்கள் இல்லாமல் சுரங்களை மட்டும் எழுதினால் மறுநாள் எது எங்கே என்று தெரியாது.

ஒவ்வொரு வரியாக

ஒவ்வொரு வரிக்கும் முதல் சுரம், கடைசிச் சுரம் இரண்டையும் முதலில் கண்டுபிடியுங்கள். கடைசிச் சுரம் நீண்டு ஒலிக்கும் என்பதால் அது சுலபம். இரண்டு கரையும் கிடைத்துவிட்டால் நடுவில் இருப்பது தானாக வரும். துண்டை ஓடவிட்டு, நிறுத்தி, பாடி, பாடிய சுரத்தைக் கம்பியில் தேடுங்கள். பாட்டு ஓடும்போதே கம்பியைத் தட்டித் தட்டித் தேடாதீர்கள், உங்கள் கிட்டார் சத்தமே காதை ஏமாற்றும்.

சுரங்களை நான் ஸ்வரப் பெயரில் எழுதுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். மைனர் பென்டாடோனிக் (ஐந்து சுர வரிசை) என்று மேற்கில் சொல்வது நம் சுத்த தன்யாசியின் சுரங்கள்தான்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், ப, கைசிகி நிஷாதம். பி மைனரில் பி, டி, இ, எஃப் ஷார்ப், ஏ. ப்ளூஸ்காரர்கள் அதில் பிரதி மத்தியமத்தையும் தொட்டுக்கொள்வார்கள். மேஜர் பென்டாடோனிக் மோகனம். இப்படி எழுதினால் ஒரு வசதி: "நி ச, க ச நி ப" என்று எழுதியதை எந்த சுருதிக்கும் அப்படியே கொண்டுபோகலாம். ஃப்ரெட் எண் எழுதினால் அந்த ஒரு பாட்டோடு அது முடிந்துவிடும். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் உதவும், பாடுகிறவருக்கு ஏற்றபடி அங்கே வாராவாரம் சுருதி மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, எந்தக் கம்பி? முதல் கம்பியைத் திறந்து வாசித்தால் வருகிற அதே இ, இரண்டாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் கம்பி ஒன்பதிலும், நாலாம் கம்பி பதினாலிலும் இருக்கிறது. சுரம் ஒன்று, குரல் வேறு. தடித்த கம்பியில் மேலே போகப் போக ஒலி உருண்டு கனக்கும், மெல்லிய கம்பியில் பளிச்சென்று வெட்டும். நாலு இடத்திலும் வாசித்துப் பதிவோடு ஒப்பிடுங்கள். அடுத்த சுரம் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், விரல் பறந்து போக வேண்டியிருந்தால் அநேகமாக இடம் தப்பு.

ஒரே ஒரு சுரத்துக்குள்

டேப் தாளில் வராத சமாசாரம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டாம் கம்பி பன்னிரண்டாம் ஃப்ரெட் ச, பத்தாம் ஃப்ரெட் நி. நி-யிலிருந்து ச-வுக்குப் போக மூன்று வழி சொல்கிறேன். பத்தைத் தட்டி, பிறகு பன்னிரண்டைத் தட்டலாம்: இரண்டு தட்டும் காதில் தனித்தனியாக விழும். பத்தைத் தட்டி விரலைப் பன்னிரண்டுக்கு வழுக்கலாம்: நடுவில் ஃப்ரெட் கம்பியைத் தாண்டுகிற சின்ன மேடு கேட்கும். பத்திலேயே கம்பியை வளைத்து ஏற்றலாம், பெண்ட்: மேடே இல்லாமல் எண்ணெய் ஊற்றினதுபோல ஏறும். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி வாசித்துக் காதைப் பழக்குங்கள், பிறகு பதிவில் அது எது என்று கேளுங்கள். ஒலி மேலிருந்து கீழே மட்டும் இறங்கினால், வளைத்து வைத்துவிட்டுத் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

பெண்ட் என்று தெரிந்த பிறகும் வேலை முடியவில்லை. எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது? ச-வைத் தொட்டதா, ஒரு இழை கீழேயே நின்றதா? ப்ளூஸில் சாதாரண காந்தாரத்தைக் கால் சுரம் ஏற்றித் தொங்கவிடுவது சர்வசாதாரணம், ஃப்ரெட்டில் இல்லாத அந்த இடத்தில்தான் அழுகை இருக்கிறது. கமகம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது அந்நியமில்லை. பெண்ட் சுத்தமாக வருகிறதா என்று பார்க்க, முதலில் பன்னிரண்டை நேராகத் தட்டி மனசில் வாங்கிக்கொண்டு, உடனே பத்தை வளைத்து அந்த உயரத்துக்கு வருகிறதா என்று கேளுங்கள். தினமும் இருபது முறை.

நீண்ட சுரத்தை ஆட்டி ஒலிக்கவிடுகிற வைப்ராட்டோவும் அப்படித்தான். பி.பி. கிங் ஆள்காட்டி விரலைக் கம்பியில் ஊன்றி, மற்ற விரல்களை விரித்து, கட்டைவிரலைக் கிட்டாரிலிருந்து எடுத்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட்டுவார், வேகமான சின்ன அசைவு. வீடியோவில் அந்தக் கையைப் பாருங்கள். தட்டிய உடனே ஆட்டுகிறாரா, கொஞ்சம் நேராக ஒலிக்கவிட்டு ஆட்டுகிறாரா என்று ஒவ்வொரு நீண்ட சுரத்துக்கும் எழுதிவையுங்கள். நான் நோட்டில் வளைகோடு போட்டு, எந்த இடத்தில் ஆட்டம் தொடங்குகிறது என்று புள்ளி வைப்பேன்.

தாளம்

சுரம் சரியாக இருந்தும் "அது மாதிரி" இல்லை என்றால் தாளம்தான் காரணம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டு, வரியைச் சொல்கட்டாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு நாலு என்றால் தகதிமி, மூன்று என்றால் தகிட. ஷஃபிள், ஸ்விங் என்று சொல்கிற நடை தகிட-வில் நடு எழுத்தை விழுங்கினால் வரும்: த . ட, த . ட. வாயில் அந்த நடை வந்துவிட்டால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். வரி தட்டில் தொடங்குகிறதா, தட்டு தாண்டித் தொடங்குகிறதா என்பதையும் கட்டத்தில் குறியுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் தட்டைப் போகவிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள், நாமோ தட்டு விழுந்ததும் முந்திக்கொண்டு ஓடுவோம்.

கூடவே வாசிப்பது

இரண்டு பார் எடுத்தவுடன் அந்த இரண்டு பாரைப் பதிவோடு சேர்ந்து வாசியுங்கள். அறுபது சதவீத வேகத்தில் ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். உங்கள் கிட்டார் தனியாகக் கேட்காமல் அவருடைய கிட்டாருக்குள் மறைந்துபோக வேண்டும், அதுதான் அடையாளம். போனில் பதிவு செய்து கேட்டால் எங்கே முந்துகிறீர்கள், எங்கே பெண்ட் எட்டவில்லை என்று தெரிந்துவிடும். வாசிக்கும்போது இது தெரியாது, எனக்கும் இன்றுவரை பதிவு போட்டுக் கேட்டால்தான் தெரிகிறது.

ஒரு நாளைக்கு அரை மணி, இரண்டு பார். அதற்கு மேல் காது களைத்து, கேட்க ஆசைப்படுவதைக் கேட்க ஆரம்பித்துவிடும். நேற்றுச் சந்தேகமாக இருந்த இடம் காலையில் புதுக் காதோடு கேட்டால் பளிச்சென்று தெரியும். பாடுகிற வாரத்தையும் சேர்த்து மூன்று வாரத்தில் பன்னிரண்டு பார் முடிந்துவிடும். ஊரில் கோயில் கொடை வந்து ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டால் அந்த மூன்று நாளும் வேலை ஓடாது, அப்போது மேளக்காரர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள், அதுவும் பயிற்சிதான்.

ஏன் அந்தச் சுரம்?

எடுத்து முடித்ததும் கட்டங்களில் இருக்கிற கார்டுக்கு நேராக, அங்கே விழுகிற சுரத்தைப் பாருங்கள். பத்தாவது பாரில் எஃப் ஷார்ப் செவன் வருகிறதே, அதில் ஏ ஷார்ப் இருக்கிறது, அதாவது காகலி நிஷாதம். சுத்த தன்யாசியில் அது இல்லை. அந்த இடத்தில் அவர் அந்தச் சுரத்தைத் தொடுகிறாரா, ஒதுங்கி நிற்கிறாரா, பேசாமல் இருக்கிறாரா? நீங்கள் எடுத்த தாளிலேயே பதில் இருக்கும். மேஜர் ப்ளூஸ் எடுக்கும்போது இன்னொன்று பார்ப்பீர்கள்: ஏ செவன் கார்டில் சி ஷார்ப் இருக்கிறது, டி செவனுக்கு மாறும்போது அது அரைச்சுரம் இறங்கி சி ஆகிறது. நல்ல வாசிப்பாளர்கள் அந்த ஒரே ஒரு சுரத்தை இறக்கிக் காட்டி, பின்னால் கார்டு வாசிக்க ஆள் இல்லாமலே கார்டு மாறியதைக் கேட்கவைத்துவிடுவார்கள். இதைப் புத்தகத்தில் நான் முன்பே படித்திருந்தேன். காதால் எடுத்த பிறகுதான் கையில் வந்தது.

அப்புறம் முழு சோலோவிலிருந்து உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு வரியை எடுங்கள். பன்னிரண்டு சுருதியிலும் வாசியுங்கள். தட்டில் தொடங்குவதை அரைத் தட்டு தள்ளித் தொடங்குங்கள். கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றுங்கள். தகதிமி-யில் இருப்பதைத் தகிட-வில் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து நீங்கள் வாசிக்கிற வேறொரு பாட்டில், யோசிக்காமலே அந்த வரி வேறு உருவில் வந்து விழும். வலுக்கட்டாயமாகச் செருகாதீர்கள், அது செருகினது மாதிரியே கேட்கும்.

மூன்று சோலோவுக்குப் பிறகு

இப்படி மூன்று கிட்டார் சோலோ எடுத்த பிறகு, நாலாவதாகக் கிட்டார் அல்லாத ஒன்றை எடுக்கச் சொல்வேன். நம் பக்கத்துக்காரர், நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் இருக்கிறார், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1964-ல் மறைந்தார், பதிவுகள் கேட்கக் கிடைக்கின்றன. அவருடைய ஆலாபனையில் இருபது விநாடியை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தாளம் இல்லாததால் கட்டம் போட முடியாது, மூச்சு வாங்குகிற இடங்களை மட்டும் கோடு போட்டுப் பிரியுங்கள். பின்னால் ஒத்து (ச-வை விடாமல் ஊதுகிற துணைக்குழல்) ஒலித்துக்கொண்டே இருப்பதால் ச எது என்ற தேடல் இல்லை, அதற்கு ஏற்றபடி முதலில் கிட்டாரை ஏற்றியோ இறக்கியோ ட்யூன் செய்துவிடுங்கள். வாசிக்கும்போது கம்பி தாண்டாதீர்கள். மூன்றாம் கம்பி ஒன்றிலேயே, ஒரே விரலால், வழுக்கியும் வளைத்தும் பாருங்கள். நாதஸ்வரத்தில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் ஒலி அறுவதே இல்லை, அதனால் தட்டுவது ஒரு மூச்சுக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு. முதல் நாள் மூன்று விநாடி வந்தாலே அது நல்ல கணக்கு.